பட்டறைக் கேள்விகள்: பித்தளையின் கழுத்தும் மூன்றரை விநாடியும்

சென்ற இதழில், மகள் வீட்டுக்கு டெக்சஸ் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரருடன் சேர்ந்து, சுட்ட தோட்டாக் கூடுகளின் கழுத்தைக் காய்ச்ச, சுருளில் மின்சாரம் ஓட்டிக் காந்தப் புலத்தால் உலோகத்தைச் சூடாக்கும் ஒரு சின்ன இண்டக்‌ஷன் ஹீட்டர் செய்ததைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், வாரம் ஒருமுறை இலக்குச் சுடுதளத்துக்குப் போகிறவர். நான் பீளமேட்டில் 31 வருடம் பம்ப் ஷாஃப்ட்டுகளை இண்டக்‌ஷனில் ஹார்டனிங் செய்தவன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதற்கே பதில்.

கேள்வி: ஐயா, நான் டல்லாஸில் இருக்கிறேன். .308 வின்செஸ்டர் ரைஃபிளில் இலக்குச் சுடுகிறேன். சுட்ட பித்தளைக் கூடுகளை எடுத்து வந்து நானே மறுபடி நிரப்புவேன். ஆறேழு தடவை ஆனதும் கழுத்தில் நீளவாக்கில் கீறல் விழுகிறது. கேஸ் டார்ச்சால் காய்ச்சிப் பார்த்தேன், ஒன்று போல ஒன்று வரவில்லை. நீங்கள் செய்த கருவியை விவரமாக எழுத முடியுமா? – வாசகர், டல்லாஸ்

பதில்: எழுதுகிறேன் தம்பி. கருவியைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோட்டாக் கூட்டின் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதை அடித்தாலும் இழுத்தாலும் நசுக்கினாலும் விறைப்பு ஏறிக்கொண்டே போகும். நம் ஊர்க் கன்னார்கள் குடம் அடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்று அடிப்பார்கள், அப்புறம் கரி உலையில் போட்டுச் சிவக்க வைத்து ஆறவிட்டு மறுபடி அடிப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் மூன்றாவது சுற்றில் தகடு கிழிந்துவிடும். உங்கள் கூட்டின் கழுத்தும் அதே பாடுதான் படுகிறது. சுடும்போது விரிகிறது, அச்சில் விட்டு அழுத்தும்போது சுருங்குகிறது, குண்டை நுழைக்கும்போது மறுபடி விரிகிறது. விறைத்த கழுத்து குண்டை ஒரே அளவாகப் பிடிக்காது. கடைசியில் கீறல்.

ஆனால் குடத்துக்கும் கூட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குடத்தை முழுவதும் காய்ச்சலாம். கூட்டில் குண்டைப் பிடிக்கும் கழுத்தும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளும் மட்டும்தான் மிருதுவாக வேண்டும், அடிப்பாகம் விறைப்பாகவே இருந்தாக வேண்டும். .308-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிப்பது 32. அந்த அழுத்தம் வரும்போது அடிப்பாகம் மிருதுவாக இருந்தால் பித்தளை இளகிக் கிழியும், வெடிமருந்து எரிந்த வாயு பின்பக்கமாக உங்கள் முகத்தை நோக்கி வரும். அப்படி ஒருமுறை இளகிவிட்ட அடிப்பாகத்தை வீட்டில் மறுபடி விறைக்க வைக்க வழியே இல்லை. நசுக்கித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதனால்தான் இதில் நேரம்தான் எல்லாமே. பித்தளையில் வெப்பம் வேகமாக ஓடும். ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். மூன்றரை விநாடியில் வெப்பம் சுமார் 2 சென்டிமீட்டர் நகரும், 15 விநாடி ஆனால் நாலரை சென்டிமீட்டர். உங்கள் கூட்டின் மொத்த நீளமே 5.1 சென்டிமீட்டர். டார்ச்சை வைத்துக்கொண்டு நிதானமாகக் காட்டினால் கழுத்து பதத்துக்கு வருவதற்குள் அடிப்பாகமும் சூடாகிவிடும். இண்டக்‌ஷனில் வெப்பம் பித்தளைக்குள்ளேயே பிறக்கிறது, மூன்று நான்கு விநாடியில் வேலை முடிந்துவிடுகிறது. தேவைப்படும் வெப்பத்தின் அளவும் பெரிதில்லை. கழுத்தும் தோளும் சேர்த்து இரண்டரை கிராம் என்று வைத்தால், அதை 500 டிகிரி ஏற்ற 475 ஜூல் போதும். அதே சூடு 100 மில்லி தண்ணீரை ஒரு டிகிரிதான் ஏற்றும். பெரிய மெஷின் தேவைப்படாததற்கு இதுதான் காரணம்.

இப்போது கருவி. 1000 வாட் என்று எழுதி விற்கும் இசட்.வி.எஸ். போர்டு (சுருளில் வேகமாக மாறும் மின்னோட்டத்தை ஓட்டும் சுற்று) ஒன்று, 48 வோல்ட் பவர் சப்ளை ஒன்று. 1000 வாட்டை நம்பாதீர்கள், நாங்கள் எடுத்தது 10 ஆம்பியர் அளவுதான், அதுவே தாராளம். இந்தப் போர்டில் மாஸ்ஃபெட் என்ற இரண்டு டிரான்சிஸ்டர் சுவிட்சுகள் மாறி மாறிச் சுருளை ஓட்டுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் விழும் உச்ச வோல்ட் சப்ளை வோல்ட்டைப் போல 3.14 மடங்கு, அதாவது 48 போட்டால் 150-ஐத் தொடும். போர்டில் வழக்கமாக இருக்கும் ஐ.ஆர்.எஃப்.பி. 260 என்ற மாஸ்ஃபெட் தாங்கக்கூடியது 200 வோல்ட். இடைவெளி இருக்கிறது, ஆனால் 60 வோல்ட் சப்ளை கிடைத்தது என்று போட்டுவிடாதீர்கள்.

எங்கள் முதல் போர்டு முதல் நாளே எரிந்தது. தப்பு என்னுடையது. 48 வோல்ட் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் சுவிட்ச் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் சப்ளை பூஜ்யத்திலிருந்து மெதுவாகத்தான் ஏறும். இந்த வகைச் சுற்றுக்கு அது ஆகாது. வோல்ட் மெல்ல ஏறினால் அலைவு தொடங்காமல் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் திறந்து நின்றுவிடும், சப்ளை முழுக்க அவற்றின் வழியாகப் பாயும். பட்டென்று ஒரு சத்தம், அப்புறம் அந்த எரிந்த பிளாஸ்டிக் வாசனை. பட்டறையில் நான் பார்த்த மெஷின்களில் இதற்கெல்லாம் காவல் சுற்று இருக்கும், இந்தச் சின்னப் போர்டில் இல்லை. இரண்டாவது போர்டு வந்ததும் சப்ளையை எப்போதும் ஓடவிட்டு, அதற்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் பாகமில்லாத மின்னணு சுவிட்ச்) வைத்தோம். அது டி.சி.க்கான ரிலேயாக இருக்க வேண்டும். ஏ.சி. ரிலேயை டி.சி.யில் போட்டால் ஆன் ஆகும், ஆஃப் ஆகாது. கூடு உள்ளே இருக்கும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சப்ளை திணறி வோல்ட் கீழே விழுந்தாலும் அதே விபத்துதான், அதனால் தேவையைவிடக் கொஞ்சம் பெரிய சப்ளையாக வாங்குங்கள்.

சுருள் செய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. அரைக்கால் அங்குலச் செம்புக் குழாயை எடுத்து, டார்ச்சில் சிவக்கக் காய்ச்சி மிருதுவாக்கி, உள்ளே உலர்ந்த மெல்லிய உப்பை இறுக நிரப்பி இரண்டு முனையையும் அடைத்தோம். அப்போதுதான் வளைக்கும்போது குழாய் நசுங்காது. 20 மில்லிமீட்டர் கம்பி மேல் எட்டுச் சுற்று. வளைத்து முடித்ததும் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து வந்துவிடும். மணல் போட்டால் ஒரு துகள் நின்றாலும் அடைப்பு, அதனால் நான் உப்புதான் போடுவேன். சுற்றுக்குச் சுற்று தொடாமல் இருக்கக் கண்ணாடி நார் உறை. குழாய்க்குள் தண்ணீர் ஓட்ட 12 வோல்ட் பம்ப் ஒன்று, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். மின்தேக்கிகள் மேல் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன். தண்ணீர் ஓடாமல் நூறு கூடு போட்டால் முதலில் சாவது அந்த மின்தேக்கிகள்தான்.

கூடு மேலிருந்து சுருளுக்குள் இறங்கி, கீழே ஒரு பேக்லைட் கதவில் நிற்கும். கழுத்தும் தோளும் மட்டும் சுருளுக்குள், உடம்பு வெளியே. கதவின் உயரத்தை ஒரு திருகால் ஏற்றி இறக்கலாம். நேரம் முடிந்ததும் சோலினாய்ட் என்ற மின்காந்தம் கதவை இழுக்கும், கூடு கீழே விழும். கீழே எவர்சில்வர் தட்டு. நேரத்தை ஆர்டுயினோ என்ற ஒரு சின்னக் கணினிப் போர்டு பார்த்துக்கொள்ளும். நூறில் ஒரு பங்கு விநாடி வரை வைக்கலாம், பத்தில் ஒரு பங்கே போதும்.

எத்தனை விநாடி என்று கேட்பீர்கள். எங்கள் கருவியில், அவருடைய கூட்டுக்கு, 3.4. உங்களுடையதில் வேறு. ஒவ்வொரு கம்பெனியின் பித்தளையும் கனத்தில் மாறும், ஆகவே கம்பெனி வாரியாகப் பிரித்து வையுங்கள். வீணாகப் போனாலும் பரவாயில்லை என்ற ஐந்தாறு கூடுகளை ஒதுக்கிக்கொண்டு, அறையை நன்றாக இருட்டாக்குங்கள். கண்ணுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். 2 விநாடியில் தொடங்கி 0.1 விநாடியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். கழுத்தின் விளிம்பில் மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு சிவப்பு தெரியும். எந்தப் பொருளானாலும் சுமார் 525 டிகிரியில்தான் இருட்டில் அப்படி ஒளிரத் தொடங்கும். 1847-இல் டிரேப்பர் என்ற விஞ்ஞானி கண்டு சொன்னது இது. அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரியும் வரை காத்திருந்தால் வெகுதூரம் தாண்டிப் போயிருப்பீர்கள். பித்தளைக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்து, கழுத்து ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகிவிடும். இன்னும் மேலே போனால் துத்தநாகமே ஆவியாகும், அதன் கொதிநிலை 907.

அடிப்பாகத்துக்குச் சாட்சி வேண்டும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும் பெயின்ட் கிடைக்கிறது, அங்கே டெம்பிலாக் என்று விற்கிறார்கள். 450 ஃபாரன்ஹீட், அதாவது 232 டிகிரிக்கு உருகும் வகையை வாங்கி, தோளுக்குக் கீழிருந்து அடிவரை ஒரு கோடு போடுங்கள். கூடு விழுந்த பிறகு பாருங்கள். மேல் நுனியில் கொஞ்சம் உருகியிருக்கலாம். பாதி உடம்புக்குக் கீழே ஒரு புள்ளி உருகியிருந்தாலும் அந்த அமைப்பு சரியில்லை, திருகை இறக்கி நேரத்தைக் குறையுங்கள். கழுத்துக்குச் சோதனை எளிது. சின்ன இடுக்கியால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். விறைத்த கழுத்து ஸ்பிரிங் மாதிரித் திரும்பும், பதமான கழுத்து நசுங்கியபடி நிற்கும், ரொம்ப மிருதுவானது ஈயத் தகடு மாதிரி மடங்கும். கடைசி வகை குண்டைப் பிடிக்காது.

பழைய ப்ரைமரை (கூட்டின் அடியில் இருக்கும் தீமூட்டி) எடுத்துவிட்டு, உள்ளே எதுவும் இல்லை என்று டார்ச் லைட் அடித்துப் பார்த்த கூடு மட்டும்தான் இந்த மேசைக்கு வர வேண்டும். வெடிமருந்து, ப்ரைமர், நிரப்பிய தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். கருவியைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் பித்தளைக் குழாய்த் துண்டுகளில் செய்து பாருங்கள், இயற்பியல் ஒன்றுதான்.

கேள்வி: இன்ஃப்ராரெட் வெப்பமானி துப்பாக்கி என்னிடம் இருக்கிறது. அதைக் கழுத்தில் காட்டி வெப்பத்தைப் படித்தால் இருட்டறை தேவைப்படாதே? – வாசகர், மெல்போர்ன்

பதில்: படிக்கும், ஆனால் தப்பாகப் படிக்கும். அந்தக் கருவி 0.95 அளவுக்கு வெப்பக் கதிர் விடும் பரப்பை மனதில் வைத்துச் செய்தது. பளபளப்பான பித்தளை அதில் பத்தில் ஒரு பங்குகூட விடாது. 500 டிகிரியில் இருக்கும் கழுத்தை 100 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு உங்கள் துப்பாக்கி பார்க்கும் வட்டம் கழுத்தைவிடப் பெரியது. என் பட்டறையில் ஷாஃப்ட்டுக்குக்கூட நல்ல பைரோமீட்டர் (தொடாமல் உயர்ந்த வெப்பத்தை அளக்கும் கருவி) வைத்திருந்தும், புதிதாக வந்த பையன்களுக்கு முதலில் நிறம் பார்க்கத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

கேள்வி: அண்ணா, நான் ஈரோட்டில் லேத் ஓட்டுகிறேன். டூல் காய்ச்சினால் எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்குவோம். பித்தளையைக் காய்ச்சி முக்கினால் அதுவும் ஹார்டு ஆகிவிடாதா? நீங்கள் எவர்சில்வர் தட்டில் விழவிட்டதாகச் சொல்கிறீர்களே?

பதில்: ஆகாது. எஃகு விறைப்பதற்குக் காரணம் அதிலுள்ள கரி. சூட்டில் ஒரு அமைப்பில் இருக்கும், சட்டென்று குளிர்ந்தால் வேறு அமைப்பில் மாட்டிக்கொள்ளும். 70/30 பித்தளையில் அப்படி மாறும் அமைப்பே கிடையாது. தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறினாலும் பதம் ஒன்றுதான். வெப்பம் அடிப்பாகத்துக்கு ஓடாமல் தடுக்க மட்டும் தண்ணீர் உதவும். அந்தக் காலத்தில் கூடுகளை ஒரு தட்டில் பாதியளவு தண்ணீரில் நிறுத்தி, கழுத்தில் டார்ச் காட்டி, தட்டித் தண்ணீரில் சாய்த்துவிடுவார்கள். சரியான யோசனைதான் அது. மூன்றரை விநாடியில் வேலை முடிந்தால் தண்ணீரும் வேண்டாம், அப்புறம் நூறு கூட்டையும் உட்புறம் காயவைக்கும் வேலையும் வேண்டாம்.

கேள்வி: வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் பித்தளைப் பாத்திரம் வைத்தால் சூடாவதே இல்லை. பிறகு பித்தளைக் கூடு மட்டும் எப்படிச் சூடாகும்? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி அம்மா, சரியான இடத்தில் பிடித்திருக்கிறாய். மாறும் காந்தப் புலம் எந்த உலோகத்திலும் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது 1831-இல் ஃபாரடே கண்டது. ஆனால் அதிர்வெண் கூடக் கூட அந்த ஓட்டம் மேல்தோலிலேயே ஒதுங்கிவிடும். அடுப்பு ஓடுவது வினாடிக்கு 25,000 அலைவு போல. அந்த அலைவில் இரும்புக்குத் தோலின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஏனென்றால் இரும்பு காந்தத்தை இழுத்துக்கொள்ளும். பித்தளைக்கு 0.8 மில்லிமீட்டர். மெல்லிய தோலில் நெருக்கியடித்து ஓடும்போது தடை அதிகம், சூடும் அதிகம். இரும்பின் பரப்பு பித்தளையைப் போலப் பதினைந்து இருபது மடங்கு தடை காட்டும். பித்தளையை வைத்தால் அடுப்பு "பாத்திரமே இல்லை" என்று நினைத்துக்கொண்டு அணைந்துவிடும்.

எங்கள் கருவியில் மூன்று விஷயம் மாறுகிறது. அலைவு ஒரு லட்சம் அளவில், அப்போது பித்தளையின் தோல் 0.4 மில்லிமீட்டர். கழுத்தின் சுவர்க் கனமும் கிட்டத்தட்ட அதேதான், ஆகவே முழுச் சுவரும் ஒன்றாகச் சூடாகிறது. சுருள் கூட்டைச் சுற்றி நெருக்கமாக இருக்கிறது, அடுப்பு மாதிரிக் கீழே தட்டையாகப் படுத்திருக்கவில்லை. சூடாக வேண்டிய பித்தளையோ இரண்டரை கிராம். போர்டும் பாத்திரம் இருக்கிறதா என்று கேட்காது.

இதைக் கல்லூரிப் பரிசோதனையாகச் செய்து பார். ஒரே அளவில் செம்பு, பித்தளை, எஃகுக் குழாய்த் துண்டுகளை அதே சுருளில் இரண்டிரண்டு விநாடி வைத்து, ஒவ்வொன்றையும் அளந்த தண்ணீரில் போட்டு எவ்வளவு டிகிரி ஏறியது என்று எழுது. பாடப்புத்தகத்தில் மூன்று பக்கம் படிப்பதைவிட அந்த மூன்று எண்கள் நன்றாகச் சொல்லும்.

கேள்வி: என் மாமியார் கொடுத்த பித்தளைக் குடம். அடுக்களை இடம் போதாமல் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் வைத்திருந்தோம். இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் இடுப்பில் நீளமாக வெடித்திருக்கிறது. யாரும் தொடவில்லை, கீழே விழவும் இல்லை. கண்ணேறு என்கிறார்கள். உலோகத்தில் இப்படி நடக்குமா? – வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நடக்கும் அம்மா, உங்கள் கடிதம் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதைத்தான் இரண்டு தரம் படித்தேன். இதே நோய்தான் வெள்ளைக்காரன் பட்டாளத்துத் தோட்டாக்களுக்கும் வந்தது, அதுவும் நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் தாமாகவே வெடித்திருந்தன. பருவத்தோடு வந்த வெடிப்பு என்பதால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வந்தது. காரணத்தை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்து பித்தளையின் மணிகளுக்கு நடுவில் அரிக்கிறது. பித்தளைக்குள் அடித்து இழுத்தபோது தங்கிய இழுவிசை அந்த அரிப்பைப் பிளந்துகொண்டே போகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வெடிப்பு, ஒன்று மட்டும் இருந்தால் வராது.

உங்கள் குடம் அடித்துச் செய்தது, கடைசிச் சுற்றுக்குப் பிறகு காய்ச்சாமல் விட்டிருப்பார்கள். குடத்துக்குப் பளபளப்பும் கெட்டியும் வேண்டும் என்பதற்காக அப்படி விடுவதுண்டு. உள்ளே இழுவிசை இருந்தது. கோமியத்திலிருந்து அம்மோனியா வந்தது. ஐப்பசி மழை ஈரத்தைக் கொடுத்தது. குதிரைக்குப் பதில் மாடு, அவ்வளவுதான். கண்ணேறு இல்லை, உங்கள் வீட்டில் யார் மேலும் தப்பும் இல்லை.

பட்டாளத்துத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறப் பட்டை இருக்கும். காய்ச்சி இழுவிசையைப் போக்கிய அடையாளம் அது. டல்லாஸ் தம்பிக்கும் இது பொருந்தும். அம்மோனியா கலந்த பாலிஷில் கூடுகளை ஊறவைக்காதீர்கள். நம் வீட்டுப் புளி பரவாயில்லை, அதன் புளிப்பு அம்மோனியாவைப் போல விரிசல் போடாது. அங்கே எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், போட்டுக் கழுவுகிறார்கள், அதுவும் அதே சாதிதான்.

குடத்தைக் காப்பாற்றலாம். பற்று வைக்கக் கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள்: நேராக விரிசலில் பற்றை உருக்கி ஊற்ற வேண்டாம். இழுவிசை இருக்கும் பித்தளையில் உருகிய பற்று பட்டால் விரிசல் இன்னும் ஓடும். முதலில் குடம் முழுவதையும் கரித் தணலில் நிதானமாகத் திருப்பித் திருப்பி 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, அரைமணி அந்தச் சூட்டிலேயே வைத்து, தானாக ஆறவிட வேண்டும். விரிசலின் இரண்டு முனையிலும் ஊசித் துளை ஒன்று போட வேண்டும். அப்புறம் பற்று. பாத்திரக்காரருக்கு 300 டிகிரி என்றால் புரியாவிட்டால், நிறம் சிவக்காமல் பழுப்பேறும் சூடு என்று சொல்லுங்கள், அவருக்குத் தெரியும். பளபளப்பு போய்விடும், புளி போட்டுத் தேய்த்தால் திரும்பி வரும். வந்ததும் கொட்டகை அறையில் மட்டும் வைக்காதீர்கள்.